கில் டெவில் ஹில்ஸ்: காற்றடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்

ஊரிலிருந்து வரும் பெற்றோரை எங்கே கூட்டிப்போவது என்பதற்கு அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. நயாகரா, நியூயார்க், வாஷிங்டன், வழியில் பிட்ஸ்பர்க் பெருமாள். எங்கள் வீட்டிலும் இத்தனை வருடம் அதுவேதான். அப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அருவியானாலும் சரி, வானளாவிய கட்டடமானாலும் சரி, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்று முடித்துக்கொள்வார். அவர் கண் போவதெல்லாம் லிஃப்டின் கதவு எப்படி மூடுகிறது, படகின் எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதில்தான். அதனால் இந்தமுறை பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, வட கரோலினாவின் கடலோரத்தில் ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று பறந்த இடத்துக்குக் கிளம்பினோம். ராலே பக்கம் இருப்பவர்களுக்கு அது மூன்றரை மணி நேரக் கார்ப் பயணம். வாஷிங்டன் பக்கத்திலிருந்து வந்தால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர்ப் பெயர் குழப்பம். பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்தது கிட்டி ஹாக். பறந்த இடம் அதற்குத் தெற்கே நான்கு மைல் தள்ளி, கில் டெவில் ஹில்ஸ் என்ற மணல்மேடுகளின் அடிவாரத்தில். அன்றைக்கு அங்கே ஊரே கிடையாது. கிட்டி ஹாக்தான் பக்கத்தில் இருந்த குடியிருப்பு, தந்தி அடிக்கும் வசதியும் அங்கேதான். கில் டெவில் ஹில்ஸ் தனி ஊரானது 1953இல். எனவே ஜிபிஎஸ்ஸில் கிட்டி ஹாக் என்று போடாமல் 'ரைட் பிரதர்ஸ் நேஷனல் மெமோரியல்' என்றே போடுங்கள். அவுட்டர் பேங்க்ஸ் என்று சொல்லப்படும் இந்தத் தீவு வரிசை ஒல்லியாக நீண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் உப்பங்கழி. நீளவாக்கில் போகப் பெரிய சாலைகள் இரண்டே இரண்டு. கோடையில் சனிக்கிழமை மட்டும் வரவே வேண்டாம். வாடகை வீடுகளில் வாரக் கணக்கில் தங்குபவர்கள் பெரும்பாலும் அன்றுதான் காலி செய்கிறார்கள், அன்றுதான் புதியவர்களும் நுழைகிறார்கள். பாலத்தின் மேல் கார்கள் நகராமல் நிற்கும்.

நாங்கள் போனது வசந்தகாலத்தில். காலையிலிருந்தே காற்று. கார்க் கதவைத் திறந்தால் கையோடு பிய்த்துக்கொண்டு போகும்போல் இருந்தது. பக்கத்துக் காரில் வந்த குடும்பம் தொப்பி, குடை, தள்ளுவண்டி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு திண்டாடியது. நல்ல நாளாகப் பார்த்து வந்திருக்கலாம் என்று என் கணவரும் முணுமுணுத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றில்லாத நாளில் இந்த இடத்தைப் பார்ப்பதும் தண்ணீரில்லாத குற்றாலத்தைப் பார்ப்பதும் ஒன்று.

அந்தச் சகோதரர்கள் இங்கே வந்ததே இந்தக் காற்றுக்காகத்தான். அவர்கள் ஊர் ஒஹையோ மாநிலத்து டேட்டன். சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். எஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கும் மிதவை விமானத்தைச் சோதிக்க ஓயாத காற்றும், விழுந்தால் எலும்பு முறியாத மணலும் வேண்டும் என்று வானிலைத் துறையின் காற்றுக் கணக்குகளைப் பார்த்து இடம் தேடினார்கள். 1900இல் அண்ணன் வில்பர் கிட்டி ஹாக் வானிலை நிலையத்துக்குக் கடிதம் போட, உள்ளூர்க்காரரான பில் டேட் என்பவரும் ஊரைப் பற்றி விவரமாக எழுதி வரச் சொன்னார். வந்தவர்களுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். முதல் மிதவை விமானத்தைக் கோத்தது அவர் வீட்டு முற்றத்தில். வேலை முடிந்து சகோதரர்கள் அதை விட்டுவிட்டுப் போனபின், இறக்கைத் துணியைப் பிரித்து டேட் வீட்டுப் பெண்குழந்தைகளுக்குச் சட்டை தைத்தார்கள். நல்ல சாட்டீன் துணி, யார்தான் வீணாக்குவார்கள்?

நுழைவுக் கட்டணம் தலைக்கு. பதினைந்து வயதுவரை பிள்ளைகளுக்கு இலவசம். தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் இருந்தால் அதுவே போதும். ஒருமுறை கட்டினால் ஏழு நாள் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாங்கள் பக்கத்து ஊரான நாக்ஸ் ஹெட்டில் ஓரிரவு தங்கி, முதல் நாள் மாலை விமானம் பறந்த மைதானத்துக்கும் மறுநாள் காலை நினைவுத்தூண் நிற்கும் குன்றுக்குமாகப் பிரித்துக்கொண்டோம். வயதானவர்களோடு போனால் இதுதான் சரி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் குன்று ஏறி இறங்கியபின் மற்றதைப் பார்க்க அவர்களுக்குத் தெம்பிருக்காது.

அருங்காட்சியகத்தைத் தவிர்த்துவிட்டு நேராக மைதானத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தேன். அப்படிச் செய்யாதீர்கள். 1960இல் கட்டிய அந்தத் தாழ்ந்த கட்டடத்துக்குள் அன்று பறந்த ஃப்ளையர் விமானத்தின் முழு அளவு மாதிரி இருக்கிறது. சுற்றிலும் பெரிய கண்ணாடிச் சன்னல்கள். மாதிரி விமானத்தைப் பார்த்தபடியே, வெளியே அது ஓடிய தரையையும் பார்க்கலாம். பூங்கா ஊழியரான ரேஞ்சர் வந்து பேசும் நேரத்தை வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகமும் வாங்கிவிடுங்கள். அதில் உள்ளதை நிரப்ப வேண்டும் என்பதற்காகவே என் மகன் எல்லாப் பலகையையும் படித்தான்.

அப்பா பலகை எதையும் படிக்கவில்லை. நேராக எஞ்சின் பக்கம் போய் நின்றார்.

"ஏங்கண்ணு, செயினைப் பாத்தியா? ஒண்ணு நேராப் போகுது, இன்னொண்ணு எட்டுப் போட்டுப் போகுது. கிராஸ் பெல்ட்டுங்க இது. ரெண்டு ஃபேனும் எதிரெதிராச் சுத்தோணும்னு பண்ணியிருக்காங்க."

அவர் சொன்னது சரிதான். ஒரே எஞ்சினிலிருந்து இரண்டு சங்கிலிகள் இரண்டு சுழலிகளுக்கு, அதாவது புரொபெல்லர்களுக்கு, போகின்றன. இரண்டும் ஒரே பக்கமாகச் சுற்றினால் அதன் முறுக்கு விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கும். அதற்காக ஒரு சங்கிலியைக் குறுக்காகப் போட்டிருக்கிறார்கள். பெல்ட் ஓடும் பழைய லேத்துகளில் தண்டைத் தலைகீழாகச் சுற்றவைக்க அப்பா செய்துவந்த அதே வேலை. ரைட் சகோதரர்கள் பல எஞ்சின் கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டும், வேண்டிய எடைக்குள் எஞ்சின் செய்துதர ஆள் கிடைக்கவில்லை. அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலைபார்த்த சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் செய்து கொடுத்தார். கிரேங்க் ஷாஃப்டுக்கு ஒரு எஃகுப் பாளத்தில் கோடு போட்டு, கோட்டை ஒட்டி வரிசையாகத் துளை போட்டு, மிச்சத்தை உளியால் தட்டி எடுத்துவிட்டு லேத்தில் கடைந்தார். எஞ்சின் பெட்டி அலுமினிய வார்ப்பு. எட்டுக் குதிரைசக்தி போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், பன்னிரண்டு கிடைத்தது. முதல் பறப்பில் ஓடிய எஞ்சினின் ஒரு பகுதியை இங்கேயே வைத்திருக்கிறார்கள். அப்பா அதன் முன் நின்ற நேரத்தில் நாங்கள் மற்றதையெல்லாம் பார்த்து முடித்தோம்.

அவருக்கு நான் தமிழில் சொன்னதில் ரொம்பப் பிடித்துப்போனது டயர் பசைக் கதை. 1903 நவம்பரில் எஞ்சினை ஓடவிட்டபோது பல்சக்கரங்கள் தண்டில் நிற்காமல் கழன்றுகொண்டே இருந்தன. எதைச் செய்தும் சரிவரவில்லை. கடைசியில் சைக்கிள் டயரை ஒட்டும் பசையை மரையில் உருக்கி ஊற்றி முறுக்கினார்கள், பிடித்துக்கொண்டது. அடுத்து சுழலித் தண்டில் விரிசல். தம்பி ஆர்வில் டேட்டனுக்கே ரயிலேறிப் போய்ப் புதிய எஃகுத் தண்டுகளோடு டிசம்பர் 11இல் திரும்பி வந்தார்.

"கடைக்காரன்னா அப்படித்தான் சாமி. இருக்கறத வெச்சு ஓட்டோணும்" என்றார் பேரனிடம்.

காற்றுச் சுரங்கத்தின் மாதிரி ஒன்றும் அங்கே உண்டு. ஆறடி நீள மரப்பெட்டி. பெரும்பாலானவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வளாகத்திலேயே முக்கியமான பொருள் அதுதான். 1901இல் அவர்கள் செய்த மிதவை விமானம், கணக்கு சொன்ன அளவுக்குத் தூக்கவே இல்லை. மனம் விட்டுப்போய் ஊர் திரும்பினார்கள். பிறகுதான் கணக்கின் மேலேயே சந்தேகம் வந்தது. இறக்கையின் மேல் காற்று தரும் விசையைக் கணக்கிட 18ஆம் நூற்றாண்டிலிருந்து எல்லோரும் பயன்படுத்திவந்த எண் 0.005. இவர்கள் கண்டது ஏறத்தாழ 0.0033. பெட்டிக்குள் ஏறத்தாழ 200 சிறு இறக்கை வடிவங்களை வைத்துக் காற்றை ஓடவிட்டு, தங்களுக்கான அட்டவணையைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 1902இல் செய்தது அந்த அட்டவணைப்படிதான், அது பறந்தது. எஞ்சின் ஏறியது அதற்குப் பிறகு.

வெளியே வந்தால் புல்வெளி. நடுவில் 1928இல் நட்ட ஒரு பெரிய பாறை. ஃப்ளையர் தரையை விட்டு எழும்பிய இடம் அது. அங்கிருந்து வடக்கே ஒரே கோட்டில் நான்கு கற்கள், அன்றைய நான்கு பறப்புகளும் இறங்கிய இடங்கள். குன்றின் உச்சியிலிருந்து குதித்துப் பறந்தார்கள் என்றே பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். குன்று மிதவை விமானங்களுக்கு. டிசம்பர் 14இல் மட்டும் குன்றுச் சரிவில் எஞ்சினோடு ஒருமுறை முயன்றார்கள். காசு சுண்டிப் போட்டதில் வில்பருக்கு வாய்ப்பு. மூக்கை அதிகமாகத் தூக்கிவிட்டார், மூன்றரை வினாடியில் மணலில் இறங்கியது. 17ஆம் தேதி காற்று பலமாக இருந்ததால் சரிவே வேண்டாம் என்று சமதரையில் அறுபதடித் தண்டவாளம் போட்டுக் கிளப்பினார்கள். முறைப்படி அன்று ஆர்விலின் வாய்ப்பு.

பாறையிலிருந்து முதல் கல் 120 அடி. எடுத்துக்கொண்ட நேரம் 12 வினாடி. என் மகன் பாறையருகே நின்று "ரெடி" என்றான். நான் போனில் நேரம் பார்த்தேன். ஓடி முடித்தபோது ஆர்விலைவிட நல்ல நேரம்!

"அம்மா, நான் ஃபாஸ்ட்டும்மா. அவர் ஃபிளைட்ல போயே லேட்டு" என்று கத்தினான். எனக்கும் ஒரு கணம் அந்தக் கணக்கு இடித்தது. 12 வினாடிக்கு 120 அடி என்றால் மணிக்கு ஏழு மைல்தான். வில்பர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியிருக்கிறார். இது என்ன பறப்பு?

அப்பாதான் பேரனை இழுத்து வைத்துச் சொன்னார். "பவானி ஆத்துல தண்ணி வர்ற பக்கமாப் பாத்து நீஞ்சுனா என்னாகும் சாமி? கை வலிக்க வலிக்க நீஞ்சுனாலும் கரையில நிக்கறவனுக்கு நீ நின்ன எடத்துலயே இருக்கற மாதிரிதான் தெரியும். அவுரு காத்துல எதுருநீச்சல் போட்டுருக்காருடா."

அன்று காலை எதிர்க்காற்று மணிக்கு 27 மைல்வரை வீசியது. தரைக்கு ஏழு மைல் என்றால் காற்றுக்கு முப்பத்துநான்கு. இறக்கைக்குத் தரை தெரியாது, காற்று மட்டும்தான் தெரியும். இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்தக் காற்றில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்று, பையன் திரும்பவும் பாறைக்கு ஓடி வருவதைப் பார்த்தபோது படித்தது வேறு மாதிரி விளங்கியது. வடக்கே ஓடும்போது காற்று அவனை நெஞ்சில் பிடித்துத் தள்ளியது. திரும்பும்போது முதுகில் தள்ளிக் கொண்டுவந்து சேர்த்தது. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை அவசியம் செய்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஓடவிடுங்கள்.

இரண்டாவது கல் 175 அடி, மூன்றாவது 200. மூன்றும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. இதோடு நிறுத்திவிட்டுக் குன்றுக்குத் திரும்பிவிடுகிறார்கள் பலர். நான்காவது கல் வரை நடந்தே தீரவேண்டும். அது 852 அடி தூரத்தில் தனியாக நிற்கிறது. நடந்துகொண்டே இருக்கிறோம், வந்தபாடில்லை. வில்பர் 59 வினாடி காற்றில் இருந்தார். முதல் மூன்றும் தட்டுத்தடுமாறி எழும்பி இறங்கியவை. நான்காவதுதான் ஓட்டியது. சில நூறடிக்குப் பிறகு விமானம் கைக்கு அடங்கி நேராகப் போயிருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கால்தான் சொல்லும், எந்தப் பலகையாலும் முடியாது.

அதன்பிறகு நடந்ததும் காற்றின் வேலைதான். நிறுத்தி வைத்திருந்த ஃப்ளையரை ஒரு சுழற்காற்று புரட்டிப்போட்டது. பிடிக்கப் போன ஜான் டேனியல்ஸ் கம்பிகளுக்குள் மாட்டி உருண்டார், அடிபட்டாலும் பிழைத்துக்கொண்டார். கடலோர உயிர்காப்பு நிலையத்து ஊழியர் அவர். உலகமே பார்த்த அந்த முதல் பறப்புப் படத்தை எடுத்தவரும் அவரே. அதற்கு முன் கேமராவைக் கண்டதே இல்லை. ஆர்வில் முக்காலியில் நிறுத்தி வைத்துவிட்டு, எழும்பும்போது இந்த ரப்பர் குமிழை அமுக்கு என்று மட்டும் சொல்லியிருந்தார். ஃப்ளையர் மறுபடி பறக்கவே இல்லை.

இதனால்தான் குன்றின் உச்சியில் இருக்கும் நினைவுத்தூணோடு எனக்கு ஒட்டவில்லை. அறுபதடிக் கருங்கல் தூண், 1932இல் திறந்தது, ஆர்விலே வந்திருந்தார். வில்பர் 1912லேயே டைஃபாய்டில் போய்விட்டார். வானத்தை வென்றார்கள், மேதைமையால் கண்டார்கள் என்கிற பாணியில் சுற்றிலும் பெரிய எழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். வென்ற அன்றே மத்தியானம் காற்று விமானத்தை நொறுக்கிய கதையைக் கீழே கேட்டுவிட்டு மேலே வந்து இதைப் படிக்க வேடிக்கையாக இருந்தது. அந்த வாசகத்தில் சார்லி டெய்லருக்கு இடமில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "பட்டறையில பேரு மொதலாளிக்குத்தான கண்ணு" என்று சிரித்தார். அவரும் முதலாளியாக இருந்தவர்தான்.

ஆனாலும் ஏறுங்கள், காட்சிக்காக. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, கீழே சிறு விமானங்கள் இறங்கும் ஓடுபாதை. சொந்த விமானம் ஓட்டுபவர்கள் இங்கே வந்து இறங்குவதைப் புனித யாத்திரைபோலச் செய்கிறார்கள். ஏறுவழி தளம் போட்டது, ஆனால் செங்குத்து. மூட்டுவலிக்காரர்கள் ஏற வேண்டாம். குன்றைச் சுற்றிப் போகும் சாலையில் காரிலேயே பின்பக்கம் போய்விடலாம். அங்கே 2003இல் நூற்றாண்டுக்காக வைத்த முழு அளவு உலோகச் சிற்பம் இருக்கிறது. படுத்து ஓட்டும் ஆர்வில், கூட ஓடும் வில்பர், கேமராவுக்குப் பின்னால் டேனியல்ஸ், மற்றவர்களும். முதியவர்களுக்கு நடையே இல்லாமல் முழுக் காட்சியும் அங்கே கிடைக்கும்.

புல்லில் செருப்பைக் கழற்றாதீர்கள். சப்பாத்திக்கள்ளி தரையோடு படர்ந்து கிடக்கிறது, காலில் ஒட்டும் முள்ளும் உண்டு. நிழல் கிடையாது. உள்ளே சாப்பாட்டுக் கடையும் கிடையாது. தயிர்சாதமும் தண்ணீரும் காரில் இருக்கட்டும். கோடையில் கொசு மருந்து அவசியம். 1901 ஜூலையில் கொசுப்படை தாங்காமல் அந்தச் சகோதரர்களே தவித்திருக்கிறார்கள். அவர்கள் தங்கிய மரக்கொட்டகையைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அடுக்கி வைத்த டப்பாக்களையும் உத்தரத்தில் கட்டிய படுக்கையையும் எட்டிப்பார்த்துவிட்டு வாருங்கள், இரண்டு நிமிடம் போதும்.

ஒன்று மட்டும் இந்த வளாகத்தில் கிடைக்காது: மணல். 1903இல் இங்கே புல்லும் மரமும் இல்லை, வெறும் மணல்வெளி. குன்றே காற்றில் நகர்ந்துகொண்டிருந்தது. தூண் கட்டுவதற்காகத்தான் புல் நட்டு அதை நிறுத்தினார்கள். அன்றைய நிலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே சில மைலில் நாக்ஸ் ஹெட்டில் இருக்கும் ஜாக்கீஸ் ரிட்ஜுக்குப் போங்கள். அட்லாண்டிக் கரையில் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் மணல்மேடுகளில் உயரமானது அது. சாயங்காலம் போனால் சூடு இருக்காது. இன்றைக்கும் அந்தச் சரிவில் மிதவை விமானம் பழக்குகிறார்கள். பத்தடி எழும்பி மணலில் குப்புற விழுந்து, எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி மேலேறும் ஆட்களைப் பார்த்துக்கொண்டே அப்பா நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு "நல்லாத்தான் இருக்குது கண்ணு" வரவில்லை.

அசல் ஃப்ளையர் இங்கே இல்லை, வாஷிங்டன் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் பறக்கத் தக்க விமானம் எது என்பதில் ஸ்மித்சோனியனோடு ஆர்விலுக்குப் பெரிய மனக்கசப்பு. 1928இல் விமானத்தை லண்டனுக்கே அனுப்பிவிட்டார். அவர் இறந்தபின் 1948 டிசம்பர் 17இல்தான் அது ஸ்மித்சோனியனில் ஏறியது. அப்பாவின் திரும்பும் விமானம் வாஷிங்டனிலிருந்து என்பதால் அதையும் சேர்த்துப் பார்த்தோம். நீங்களும் டிக்கெட் போடும்போது இப்படித் திட்டமிடலாம். கடற்கரையில் தரையைப் பார்த்துவிட்டுப் பிறகு வாஷிங்டன் வந்து விமானத்தைப் பார்க்கும் வரிசைதான் நல்லது. அனுமதி இலவசம், ஆனால் நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். காலையில் கிடைக்கும் முதல் நேரத்தை எடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து நிறைவதற்குள், குறுக்குச் சங்கிலியைக் கிட்ட நின்று பார்க்க இடம் கிடைக்கும்.